இருபத்திநாலு கிண்ணங்கள்

ஹ்விடோவ்ரே
22.03.2025

அன்புள்ள தங்கச்சி தங்கராணிக்கு,

இங்கே நானும் செல்வமலர் அண்ணியும் சுகம். படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் தன் பாட்டில் கதைக்கிறது. நீயும் மகள் சாரங்கியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கைப்பேசி இருக்கும்போது அண்ணை ஏன் பேனை எடுத்தார் என்று யோசிப்பாய். செய்தியில் கேட்டிருப்பாய், இந்த வருட முடிவோடு டென்மார்க் தபால் கடிதம் கொண்டு போவதை நிறுத்துகிறது. சிவப்புப் பெட்டிகளை ஆனி மாதத்தில் இருந்து கழற்றுவார்களாம். கடிதம் பிரிக்கும் மண்டபத்தில் இருபத்தேழு வருடம் நின்றவன் நான். எத்தனையோ பேரின் கடிதம் என் கையால் போனது. என் பேருக்கு வந்ததெல்லாம் பல் வைத்தியரின் நினைவூட்டல்தான். ஆகவே ஒரு ஆசை. மிச்சம் இருக்கும் மாதங்களில் நீ எனக்குக் கையால் எழுது, நானும் எழுதுகிறேன். போனில் சுகம் மட்டும் விசாரிப்போம்.

போன கிழமை நீ வைக்கிங் ஆட்களுக்குச் சட்டி செய்வதாகச் சொன்னாய். அதற்குள் உன் முதியோர் இல்லத்தில் யாரோ மணி அடித்தார்கள், ஓடிவிட்டாய். எனக்கு அரைவாசியும் விளங்கவில்லை. அவர்கள் செத்து ஆயிரம் வருடம். இப்ப எதற்குச் சட்டி?

விபரமாக எழுது.

அன்புடன்,
பரமானந்தம் அண்ணை

*

வைலே
30.03.2025

அன்பான அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். சாரங்கியும் ஓகூஸ் நகரத்தில சுகமாப் படிக்கிறாள். தமிழில கேட்டால் டெனிசில பதில் வருது, அதுவும் சுகம்தான். அண்ணியின்ர பிரஷர் எப்பிடி?

அவையள் சாகேல்லை அண்ணை. வைலேயில மட்டும் இருபத்திநாலு பேர் இருக்கினம்.

ஒருத்தர் லொறி ஓடுறார், ஒருத்தி பல் வைத்தியர், ரெண்டு பேர் வாத்திமார். கோடை வந்தால் லினன் சட்டை தைச்சுப் போட்டுக்கொண்டு, கூடாரம் அடிச்சு, ஆயிரம் வருசத்துக்கு முந்தி இருந்த மாதிரியே சமைச்சுச் சாப்பிட்டு இருப்பினம். சும்மா வேசம் இல்லை. உடுப்பில ஒரு ஜிப் இருந்தாலே வெளியில போ எண்டுடுவினம். தலைவி எமிலியா எண்டு ஒரு பிள்ளை, முப்பத்தைஞ்சு வயதிருக்கும், பழைய சாமான் தோண்டி எடுக்கிற வேலை. அவையளுக்குச் சட்டி செய்து குடுத்த மனிசி நோர்வேக்குப் போட்டுது.

நான் செவ்வாய்க்கிழமையில பின்னேரப் பள்ளிக்கூடத்தில மண் பழகிறன் எண்டு தெரியும்தானே. சக்கரம் சுத்தினால் எனக்குத் தலை சுத்தும். அதால கையாலயே திரி திரியா உருட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுக் கட்டுவன். மாசியில கண்காட்சி வைச்ச இடத்தில எமிலியா வந்து என்ர கிண்ணத்தைத் தூக்கிப் பிரட்டிப் பாத்து, "இது சக்கரத்தில செய்யேல்லையே" எண்டு கேட்டா. நான் பிழை பிடிக்கிறாவெண்டு நினைச்சு மன்னிப்புக் கேட்டன். அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அந்தக் காலத்தில இஞ்சத்தைப் பெம்பிளையள் இப்பிடித்தான் செய்தவையாம். ஒரு வருசமா இப்பிடி ஒரு கையைத் தேடினவவாம்.

ஓகஸ்ட் ரெண்டாம் திகதி ஓகூசுக்குக் கிட்டக் கடற்கரையில பெரிய சந்தை. அதுக்கு இருபத்திநாலு சாப்பாட்டுக் கிண்ணமும் நாலு பெரிய சட்டியும் வேணும். எல்லாம் அடுப்பில வைக்கக்கூடியதா, பூச்சு இல்லாமல், தோண்டி எடுத்த ஓட்டுத் துண்டின்ர அளவுக்கே இருக்கவேணும். சந்தை தொடங்கமுதல் மூண்டு பேர் வந்து ஒவ்வொண்டாச் சோதிப்பினம். சரியில்லாட்டில் பெட்டிக்குள்ள போட்டு மூடவேண்டியதுதான். போன வருசம் ஒருத்தற்ற சட்டி முழுக்க அப்பிடிப் போனதாம்.

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை அண்ணை. ஐம்பத்திரண்டு வயதில ஆரும் என்னை ஒரு வருசமாத் தேடினதெண்டு கேட்டது இதுதான் முதல்தரம்.

மண் எடுக்கக் குழுவில இரும்பு வேலை செய்யிற ஒரு ஆள் தன்ர வான் வண்டியில கூட்டிக்கொண்டு போனவர். ஃபியோர்ட் கடல்வாய்க் கரையில சரிஞ்ச இடத்தில நீல மண், வெண்ணெய் மாதிரி. அதுக்குள்ள கருங்கல்லு இடிச்சுக் கலக்கவேணும், இல்லாட்டில் நெருப்பில வெடிக்கும். கல்லைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணிக்குள்ள போட்டால் மாப்போல உதிருது. அதையும் அந்த ஆள்தான் செய்து தந்தது.

இனி எழும்பவேணும், ஏழு மணிக்கு வேலை.

உங்கட தங்கச்சி,
தங்கராணி

*

ஹ்விடோவ்ரே
12.04.2025

அன்புள்ள தங்கராணிக்கு,

எல்லோரும் சுகம். அண்ணியின் பிரஷர் மாத்திரையோடு ஒழுங்காக நிற்கிறது.

உன் கடிதம் இரண்டு நாளில் வந்துவிட்டது. முத்திரையை நேராக ஒட்டியிருக்கிறாய், சந்தோசம்.

வாசித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை கொப்பன்ஹேகனில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், உள்ளே போனது இதுதான் முதல்தரம். நீ சொன்ன மாதிரிச் சட்டி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. வாய் கொஞ்சம் உள்ளுக்கு வளைந்து, அடி தட்டையாக. கிட்டப் போய்ப் பார்த்தால் விளிம்புக்குக் கீழே விரல் பட்ட அடையாளம். செய்தவளின் பெருவிரல். மூக்குக் கண்ணாடியில் முட்டியதால் காவலாளி வந்து தள்ளி நிற்கச் சொன்னான். "என் தங்கச்சி இதே சட்டி செய்கிறாள்" என்று டெனிசில் சொன்னேன். அவனும் வந்து என்னோடு குனிந்து பார்த்தான்.

சில கேள்விகள். கிண்ணம் தண்ணீர் ஒழுகாதா? பூச்சு இல்லாமல் கழுவுவது எப்படி? சுடும்போது சூடு அளக்க ஏதும் வைப்பீர்களா, கண் மட்டம்தானா?

மற்றது, உன்னை வானில் கூட்டிக்கொண்டு போய், மண் எடுத்துத் தந்து, கல்லும் சூடாக்கித் தரும் ஆளுக்கு ஒரு பேர் இருக்கும்தானே? உன் கடிதத்தில் எமிலியாவுக்குப் பேர் இருக்கிறது, அவருக்கு இல்லை.

அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
அண்ணை

*

வைலே
11.05.2025

அன்பான அண்ணைக்கு,

உடம்புக்கு ஒண்டும் இல்லை. கை மட்டும் கருகினது, அதுவும் சின்னன். உங்களுக்கு முழங்கால் எப்பிடி, அந்தக் களிம்பு பூசுறீங்களா?

பதில் பிந்தினதுக்குக் காரணம் இருக்கு. நேற்று முதல் சூளை வைச்சம். முப்பது வைச்சதில பதினேழு போச்சுது.

மூண்டு நாள் மழை. சனிக்கிழமை வெயில் எறிச்சுது, எல்லாரும் லீவு போட்டு வந்து நிண்டிச்சினம், பொறுக்க மனம் வரேல்லை. எமிலியான்ர தகப்பன்ர காணியில குழி வெட்டி, சட்டியளைச் சுத்திவர நெருப்பில சூடு காட்டிப்போட்டு, நடுவில அடுக்கி மேல விறகு போட்டம். இருபது நிமிசம் ஒரு சத்தமும் இல்லை. பல் வைத்தியர் மனிசி தேத்தண்ணி ஊத்தத் தொடங்கினா. அப்ப ஒண்டு டப்பெண்டு வெடிச்சுது. பேந்து ஒண்டு. பேந்து எண்ணேலாமல் போச்சுது. நான் கையை விட்டு ஒண்டையாவது இழுப்பமெண்டு போக, ஒரு ஆள் என்ர சட்டையில பிடிச்சுப் பின்னுக்கு இழுத்துப்போட்டுது.

ஓம், அதே ஆள்தான். பேர் குகநேசன். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், முந்தி வைலே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை திருத்தித் தந்தவர், மட்டக்களப்புப் பக்கம், வெல்டிங் வேலை. கலியாணம் கட்டேல்லை. நான் பேர் எழுதாமல் விட்டதுக்கு ஒரு காரணமும் இல்லை. எழுத எழுத வேற விசயம் வந்திட்டுது.

எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்க, அவர் ஆறின ஓடு ஒண்டை எடுத்து முறிச்சு எனக்குக் காட்டினார். வெளியில சிவப்பு, நடுவில ஒரு கறுத்தக் கோடு. "பாத்தீங்களா, உள்ளீரம். உங்கட கையில பிழை இல்லை. மழை நனைச்ச நிலத்தில பிழை," எண்டார். இண்டைக்குக் காலமை வந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தட்டி ஒட்டித் தந்திட்டுப் போறார். கீழ தணல் போட்டு ரெண்டு நாள் காயவைக்கலாம். சந்தைக்குக் கொண்டு வராட்டில் பரவாயில்லை எண்டு எமிலியா சம்மதிச்சிட்டா.

ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. நான் குழுவில சேர்ந்த அண்டைக்கு அவர் கிட்ட வந்து, "நான் இருக்கிறது உங்களுக்குக் கரைச்சலெண்டால் சொல்லுங்கோ, விலகிறன்" எண்டு கேட்டவர். எனக்கென்ன கரைச்சல்? இத்தினை வருசமா ஒரே ஊரில இருக்கிறம், கோயில் திருவிழாவில என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால போவார். பெருமைக்காரன் எண்டு நினைச்சிருந்தன். இவ்வளவு பொறுமையான ஆளாயிருக்குமெண்டு ஆர் கண்டது.

இன்னும் பன்ரெண்டு கிழமை இருக்கு. முதலில இருந்து செய்யவேணும். செய்வன்.

உங்கட கேள்வியளுக்கு அடுத்ததில எழுதிறன். கெதியாப் பதில் போடுங்கோ.

தங்கராணி

*

வைலே
15.06.2025

அண்ணைக்கு,

சுகமா இருக்கிறீங்களெண்டு போனில அண்ணி சொன்னா. நீங்கள் குளிக்கிறீங்களாம். போன தரமும் குளிச்சுக்கொண்டுதான் இருந்தீங்கள்.

அஞ்சு கிழமை ஆச்சுது. கடிதம் எழுதச் சொன்னது நீங்கள். பேரைக் கேட்டதும் நீங்கள். பேரைச் சொன்ன பிறகு சத்தம் இல்லை. புருசன் செத்தவள் ஒரு ஆம்பிளையோட நிண்டு கல்லு இடிக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டால் அதை ஒரு வரியில எழுதுங்கோ. அப்பிடி ஒண்டும் இல்லை. இருந்தாலும் எழுதுங்கோ.

சரி, இதைக் கேளுங்கோ. எனக்கு இதை ஆருக்கும் சொல்லாமல் இருக்கேலாது.

போன சனி ரெண்டாவது சூளை. முப்பது வைச்சு இருபத்தொன்பது வந்திட்டுது. ஒண்டுதான் போனது, அதுவும் வெடிக்கேல்லை, சின்ன வெடிப்பு. புல்லுக்கட்டியால மூடி, புகையை உள்ள அடைச்சு, பின்னேரம் தோண்டினால் எல்லாம் நல்ல கறுப்பு. நகத்தால தட்டினன். மணிச்சத்தம். எமிலியா அழுதா. லொறி ஓடுற மனிசன் ஒரு கிண்ணத்தைத் தூக்கி நெஞ்சில வைச்சுக்கொண்டு, "இது என்ர, இதை ஆருக்கும் குடுக்கமாட்டன்" எண்டு சுத்திச் சுத்தி நடந்தார்.

நீங்கள் ஒழுகாதோ எண்டு கேட்டனீங்கள். ஒழுகும், முதல்தரம். அதுக்கு அதுக்குள்ள பால் காய்ச்சவேணும், பால் போய்த் துவாரத்தை அடைச்சிடும். எமிலியா எங்களுக்கு அதைப் பாடம் மாதிரிச் சொல்லித் தந்தா. புதுச்சட்டி, மூண்டு கல்லு, பால். பால் எழும்பி விளிம்பால வழிஞ்சுது. ஐயோ வழியுதெண்டு எமிலியா தூக்கப் போக, நானும் குகநேசனும் ஒரே நேரத்தில "விடு, வழியட்டும்" எண்டு தமிழில கத்திப்போட்டு ரெண்டுபேரும் சிரிச்ச சிரிப்பு. நான் அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம். பிறகு அவர் எழும்பி விறகு எடுக்கப் போட்டார். எப்பவும் அப்பிடித்தான், சிரிச்சாப்போல எழும்பிப் போயிடுவார்.

சந்தையில நானே இருந்து சட்டி செய்து காட்டவேணுமாம். லினன் சட்டை தைச்சு, பாசிமணியும் கோத்து முடிஞ்சுது. என்ர நிறத்தைப் பாத்து ஆரும் சிரிக்கமாட்டினமோ எண்டு எமிலியாவைக் கேட்டன். தாங்கள் தையலையும் சட்டியையும்தான் சோதிக்கிறது, தோலை இல்லை எண்டா.

உங்கட பதிலைப் பாத்துக்கொண்டு,
தங்கராணி

*

ஹ்விடோவ்ரே
20.06.2025

அன்பு மச்சாள் தங்கராணிக்கு,

நான் செல்வமலர் எழுதுறன். எழுதி எவ்வளவு காலம், எழுத்து வளைஞ்சு போகுது, பொறுத்துக்கொள்ளும். உடம்பெல்லாம் சுகம்தானே?

உம்மட அண்ணைக்கு உடம்பில வருத்தம் ஒண்டும் இல்லை. குளிக்கேல்லை, பொய்தான் சொன்னனான், அவர் சொல்லச் சொன்னவர். உம்மட ரெண்டாவது கடிதம் வந்த நாள் தொடக்கம் காலமையில மேசையில தாளோட இருக்கிறார். ஒரு வரி எழுதிறது, கிழிக்கிறது. அலுமாரியில பழைய பைல் ஒண்டை இழுத்து வைச்சிருக்கிறார். கேட்டால் வாய் திறக்கிறார் இல்லை. உம்மில கோவம் இல்லை எண்டு மட்டும் சொன்னார். "கோவப்படவேண்டியது அவள்" எண்டும் சொன்னார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

கெதியா எழுதுவார். நான் விடமாட்டன்.

அன்பான,
செல்வமலர்

*

ஹ்விடோவ்ரே
29.06.2025

தங்கராணி,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்தின் கடைசியிலும் எனக்கு இருந்தால் அப்ப விசாரிக்கிறேன்.

2013இல், உன் புருசன் செத்து மூன்று வருடம், சாரங்கிக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஐப்பசியில் குகநேசன் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம். உன்னைக் கலியாணம் செய்ய விரும்புவதாகவும், பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்ப்பதாகவும், உனக்கு விருப்பமா என்று மூத்தவராக நான் கேட்டுச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தார். உன்னிடம் நேரே கேட்டால் உனக்குச் சங்கடம் என்று நினைத்திருக்கிறார்.

நான் உன்னைக் கேட்கவில்லை.

"இப்படியான எண்ணம் தனக்கு இல்லை, இனி இதைப்பற்றிக் கதைக்கவேண்டாம் என்று தங்கராணி சொல்லச் சொன்னா" என்று பதில் எழுதினேன். இரண்டு வரி. நீ சொன்னதாக எழுதினேன், தங்கச்சி. நீ அப்போது வைலேயில் ஏதோ இரவல் மேசையில் சாரங்கிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்பாய்.

சனம் என்ன சொல்லும், பிள்ளை குழம்பும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். இந்தக் கிழமைகளில் மேசையில் இருந்து யோசித்துப் பார்த்தால், அது முழு உண்மை இல்லை. நீ அந்த நாட்களில் எதற்கும் என்னைத்தான் கேட்பாய். திரைச்சீலை வாங்குவதற்கும் போன் எடுப்பாய். அது எனக்குப் பிடித்திருந்தது. அது போய்விடும் என்று பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

அவர் உன்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனது பெருமையால் இல்லை. விலகட்டுமா என்று கேட்டதும் அதனால்தான். நீ வேண்டாம் என்று சொன்னதாக அவர் பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டு, உனக்கு இடைஞ்சல் வராமல் நடந்திருக்கிறார். உன் கடிதத்தில் அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை.

உன் மனதில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஊகிக்கவும் மாட்டேன். ஒருதரம் செய்தது போதும்.

சுகமாக இரு.

பரமானந்தம்

*

வைலே
07.07.2025

அண்ணைக்கு,

சுகம்.

உங்கட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாசிச்சுப்போட்டு வேலைக்குப் போனன். ஆறு பேரைக் குளிக்க வாத்தன், ஒருத்தருக்கும் தலையில தண்ணி சரியா ஊத்தேல்லை. வீட்ட வந்து திரும்ப வாசிச்சன்.

எனக்கு நல்ல கோவம். அண்டைக்கே கேட்டிருந்தால் நான் ஓமெண்டு சொல்லியிருப்பனோ எண்டு எனக்கே தெரியாது. இல்லையெண்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என்ர 'இல்லை'யா இருந்திருக்கும். என்ர வாயில நீங்கள் ஒரு சொல்லை வைச்சு, அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிசன் பன்ரெண்டு வருசம் என்னைக் கண்டால் றோட்டு மாறியிருக்கிறான். நான் அவனைப் பெருமைக்காரன் எண்டு திட்டியிருக்கிறன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்து சட்டியளை வைக்கோலுக்குள்ள வைச்சுக் கட்டித் தந்தவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீங்கள் எழுதின பொய்யை நீங்கள்தான் வந்து அழிக்கவேணும். கடிதத்தில இல்லை, போனில இல்லை. அவருக்கு முன்னால நிண்டு.

ஓகஸ்ட் ரெண்டு, சனிக்கிழமை. காலமை எட்டரைக்குச் சோதிக்கிற ஆக்கள் வருவினம், பத்துக்குச் சனத்துக்குத் திறப்பினம். எட்டு மணிக்கு நிக்கவேணும். குழுவின்ர கூடாரத்தடிக்கு இந்தக் காலத்து உடுப்போட விடமாட்டினம். உங்களுக்கு ஒரு சட்டை தைக்கிறன், நெஞ்சளவும் கையளவும் உடன அனுப்புங்கோ. மணிக்கூடு கட்டி வரக்கூடாது. மூக்குக்கண்ணாடி பரவாயில்லையாம், நீங்கள் விழுந்து சட்டியை உடைக்காமல் இருக்கவேணுமே.

அண்ணியில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

தங்கராணி

*

ஹ்விடோவ்ரே
06.08.2025

அன்புள்ள தங்கராணிக்கு,

நாங்கள் றெயில் பிந்தாமல் வந்து சேர்ந்தோம். அண்ணி இன்னும் உன் கிண்ணத்தைத் துணியால் சுற்றி மடியில் வைத்த கதையையே சொல்லிக்கொண்டு இருக்கிறா. நீ களைத்திருப்பாய், நல்லாய்ச் சாப்பிட்டு ஓய்வு எடு.

நீ கேட்கவில்லை. ஆனாலும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும்.

முதலில் காலமை நடந்தது. சோதிக்க வந்த அந்தத் தாடிக்காரன் உன் கிண்ணத்தைப் பிரட்டித் தட்டி, மணந்து, விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, "இதைச் செய்தது யார்?" என்று கேட்டான்தானே. நீ கவனித்திருக்க மாட்டாய், நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன். "நான்" என்று நீயே சொன்னாய். அவன் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். இருபத்திநாலும் சரி, நாலு சட்டியும் சரி என்று சொன்னபோது உன் குழு போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடாரத்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. என் சட்டை அக்குளில் இறுக்கம் என்பதையும் அப்போது மறந்துபோனேன்.

நீ சனத்துக்கு மண் உருட்டிக் காட்டத் தொடங்கியபோது குகநேசனை விறகுக் குவியலுக்குப் பின்னால் கூப்பிட்டேன். எழுதி வைத்துப் பாடம் செய்து கொண்டுபோனதில் இரண்டு வரிதான் மிஞ்சியது. "நீங்கள் கேட்டதை நான் அவளிடம் கேட்கவே இல்லை. அந்தப் பதில் என்னுடையது," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த கோடாலியைக் கீழே வைத்தார்.

"அவவுக்குத் தெரியவே தெரியாதா?"

"போன மாதம்வரைக்கும் தெரியாது."

"அப்ப நான் ஆருக்கு ஒதுங்கி நடந்தனான்?" என்று கேட்டார். என்னைக் கேட்டது மாதிரித் தெரியவில்லை. கடல் பக்கமாக நடந்துபோனார். நான் விறகில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல மணிக்கூடு இல்லை. திரும்பி வந்தபோது கால் முழங்கால்வரை நனைந்திருந்தது. என் பக்கத்தில் இருந்தார். ஏச்சு விழும் என்று பார்த்தேன். "உங்களில எனக்குக் கோவம் வரும், பரமானந்தம் அண்ணை. இன்னும் வரேல்லை. வந்தால் சொல்லுவன்," என்றார். பிறகு எழும்பிப் போய்ப் பெரிய சட்டியில் இருந்து சூப் வார்த்து, எனக்கும் அண்ணிக்கும் கொண்டுவந்து தந்தார். மன்னித்தாரா தெரியாது. கிண்ணம் கையைச் சுடவில்லை, சூப் நல்ல சூடு. எப்படி என்று அடுத்ததில் எழுது.

அவர் 2013இல் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் அதை எறியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. என் பேருக்கு வந்தது என்றாலும் அது உனக்கான கடிதம்.

அன்புடன்,
அண்ணை

*

வைலே
24.08.2025

அன்பான அண்ணைக்கு,

நான் சுகம். நல்ல சுகம். அண்ணிக்கு அந்தக் கிண்ணத்தில சுடுசோறு போட்டுச் சாப்பிடலாமெண்டு சொல்லுங்கோ, ஆனால் மைக்ரோவேவுக்குள்ள வைக்கவேண்டாம். நீங்கள் கேட்டதுக்குப் பதில், இடிச்ச கல்லுதான் சூட்டைப் பிடிச்சுப் பிடிச்சு விடுறது.

சந்தைக்குப் பிறகு இன்னும் நிலத்தில கால் வைக்கேல்லை நான். சனம் மூண்டு வரியா நிண்டு பாத்ததை நீங்களும் கண்டனீங்கள். நீங்கள் போன பிறகு ஒரு சின்னப் பெட்டை வந்து, வைக்கிங் பெம்பிளையள் உங்களை மாதிரியா இருந்தவை எண்டு கேட்டாள். மற்றவையை எனக்குத் தெரியாது, இந்த ஒண்டு இப்பிடித்தான் எண்டன். சரியெண்டு தலையாட்டிப்போட்டு என்ர பக்கத்தில இருந்து மண் உருட்டினாள். ஓடன்சவில இருந்து வந்த குழு ஒண்டு அடுத்த வருசத்துக்கு நாப்பது கிண்ணம் கேட்டிருக்கு. ஓமெண்டிட்டன். ஆரையும் கேக்கேல்லை.

கடிதத்தை வாசிச்சன். வடிவான கையெழுத்து. "அவவுக்கு விருப்பம் இல்லாட்டில் நான் கேட்டதே அவவுக்குத் தெரியவேண்டாம்" எண்டு கடைசி வரி. அதைத்தான் நான் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தன்.

நேற்றுச் சட்டியளைக் கழுவி அடுக்க எமிலியான்ர கொட்டிலுக்குப் போனம். அவரும் வந்தவர். சந்தைக்குப் பிறகு ரெண்டு தரம் கண்டனான், ரெண்டு தரமும் கதைச்சது விறகு, இரும்பு, காலநிலை. எனக்குத் தெரியும், அவர் இனிக் கேக்கமாட்டார். ஒருக்காக் கேட்டு 'இல்லை' எண்டு வாங்கின ஆள். நான் ஒரு கிண்ணத்தைத் துடைச்சு அவற்ற கையில குடுத்துப்போட்டுக் கேட்டன்.

"என்னைக் கலியாணம் கட்ட உங்களுக்கு இப்பவும் விருப்பமோ?"

அவர் கிண்ணத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தார். "எனக்கு ஐம்பத்தாறு வயதாச்சுது," எண்டார்.

"நான் வயது கேக்கேல்லை."

"பதிலை ஆரிட்டச் சொல்லவேணும்?"

"என்னட்ட."

"அப்ப ஓம்," எண்டார். பிறகு ரெண்டு பேரும் மிச்சப் பதினாறு கிண்ணத்தையும் துடைச்சு அடுக்கினம். அவர் எழும்பிப் போகேல்லை.

சாரங்கிக்குப் போன் எடுத்தன். டெனிசில ஒரு சொல்லுத்தான் சொன்னாள், "கடைசியா" எண்டு அர்த்தம். பிறகு அழுதுபோட்டுத் தமிழில கதைச்சாள்.

உங்களில என்ர கோவம் முழுக்கப் போகேல்லை அண்ணை. போனதும் எழுதிறன். அதுவரைக்கும் ஒரு அலுவல் இருக்கு. ஒக்ரோபர் பதினெட்டு, சனிக்கிழமை, பதினொரு மணிக்கு வைலே கொம்யூன் நகரசபையில எங்களுக்குப் பதிவு. ரெண்டு சாட்சி வேணும். ஒண்டு எமிலியா. மற்றது நீங்கள். வந்து கையெழுத்து மட்டும் வைச்சால் போதும். கேள்வி கேட்டால் பதில் நான் சொல்லுவன்.

அன்புள்ள தங்கச்சி,
தங்கராணி